சன்னல் பிளைண்ட்ஸ் (கோவில்பட்டிக் கரிசல் வட்டாரம்)

ஒரே அளவில் அறுத்த மெல்லிய பட்டைகளைக் கயிற்றேணியில் அடுக்கிச் சன்னலின் உட்புறம் தொங்கவிடும் திரைக்குப் பிளைண்ட்ஸ் என்று பெயர். கயிற்றை இழுத்தால் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்துகொள்ளும். பக்கத்தில் தொங்கும் கோலைத் திருகினால் இருந்த இடத்திலேயே சாயும். வெளிச்சத்தை விட்டுக்கொண்டே வெயிலைத் தடுக்க முடிவதுதான் துணித்திரையிடம் இல்லாத வசதி. பட்டை மரமாக இருந்தால் கடையில் ‘உட்டன் பிளைண்ட்ஸ்’ என்பார்கள். மர ரேகையை மேலே அச்சிட்ட பி.வி.சி.யாக இருந்தால் ‘பி.வி.சி. பிளைண்ட்ஸ்’. சிலர் அதையும் ‘உட்டன்’ என்றே சொல்லி விற்பார்கள். கையில் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும், பி.வி.சி. கனக்கும்.

கோவில்பட்டி தூத்துக்குடி மாவட்டத்தின் வடமேற்கில் இருக்கிறது. சுற்றிலும் கழுகுமலை, கயத்தாறு, எட்டயபுரம், விளாத்திகுளம் வரை மானாவாரிக் கரிசல். ஆண்டு மழை ஏறத்தாழ 700 மி.மீ.; அதில் பெரும்பங்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டித் தீர்ந்துவிடும். மற்ற மாதங்களில் வெயில், காற்று, புழுதி. ஈரமான அறைக்கு பி.வி.சி., ஈரமில்லாத அறைக்கு மரம் என்று பிளைண்ட்ஸ் பற்றி எல்லா இடத்திலும் சொல்லப்படும் யோசனை, மழையும் பனியும் மிகுந்த நாடுகளில் பிறந்தது. கரிசல் வீட்டுக்கு அது பாதிதான் பொருந்தும். இங்கே பட்டையின் ஆயுளைத் தீர்மானிப்பவை இரண்டு: சன்னல் எந்தத் திசைச் சுவரில் இருக்கிறது, அதில் படியும் தூசியை எப்படித் துடைக்கிறோம்.

வெயிலின் போக்கு

ஊர் இருப்பது வடக்கு அட்சரேகை 9.17 பாகையில். சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஆண்டுக்கு இரண்டு முறை: ஏப்ரல் 14ஐ ஒட்டி, அதாவது சித்திரை விசு அன்று, பிறகு ஆகஸ்ட் 29ஐ ஒட்டி, ஆவணியில். இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்பட்டது. கோவில்பட்டி அதற்கு மேற்கே 4.6 பாகை தள்ளி இருக்கிறது. அதனால் சித்திரை விசு அன்று கடிகாரம் 12.18 காட்டும்போதுதான் நிழல் காலடியில் விழும். இந்த இரண்டு நாட்களுக்கும் இடையே நாலரை மாதம் உச்சிவேளைச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். வடக்குச் சுவரில் வெயில் ஏறாது என்று நம்பி அந்தப் பக்கம் அகலமாகக் கண்ணாடி வைத்துக் கட்டிய வீடுகள் வைகாசி, ஆனியில் படும் பாடு இதனால்தான். தெற்குச் சன்னல் மார்கழியில் வெயில் வாங்கும். அப்போது உச்சிவேளையில் சூரியன் 57 பாகை உயரத்தில் இருப்பதால், 4 அடி உயரச் சன்னலுக்கு மேலே இரண்டரை அடி சன்ஷேடு இருந்தாலே கண்ணாடியில் வெயில் படாது.

தொல்லை கிழக்கிலும் மேற்கிலும்தான். வைகாசி தொடங்கும்போது மாலை 4.15 மணிக்குச் சூரியன் 31 பாகை உயரத்துக்கு இறங்கிவிடும். 2 அடி சன்ஷேடு அப்போது சன்னலின் மேல்பக்கம் ஒன்றேகால் அடிக்கு நிழல் தரும்; மிச்சமெல்லாம் வெயில். இந்தச் சாய்வெயிலுக்குக் கான்கிரீட் உதவாது. பட்டைத் திரையின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. 50 மி.மீ. அகலப் பட்டைகள் 43 மி.மீ. இடைவெளியில் அடுக்கப்பட்டிருந்தால், படுக்கைவசமாக விட்டாலே 41 பாகைக்கு மேலிருந்து வரும் வெயில் உள்ளே நுழையாது. மேற்குச் சன்னலில் வைகாசியில் மூன்றரை மணி வரை பட்டையைச் சாய்க்கவே வேண்டாம். காற்று வரும், தெருவும் தெரியும். அதற்குப் பிறகு சாய்த்தால் போதும். பகல் முழுவதும் இறுக மூடிவிட்டு உள்ளே டியூப் லைட் போடுகிறவர்கள் துணித்திரையே வாங்கிக் காசை மிச்சம் பிடித்திருக்கலாம்.

சாய்ப்பதிலும் பக்கம் உண்டு. பட்டையின் வெளி விளிம்பு தாழ்ந்து உள் விளிம்பு உயர்ந்திருக்க வேண்டும். அப்படி வைத்தால் வெயில் பட்டையின் முகத்தில் நேராக மோதித் திரும்பும்; பட்டையில் உட்காரும் தூசியும் கண்ணாடிப் பக்கமாகச் சரியும். மாற்றி வைத்தால் வெயில் பட்டைகளுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு வரும், தூசி கட்டில்மேல் விழும்.

உள்ளே தொங்கும் எந்தத் திரைக்கும் ஓர் எல்லை இருக்கிறது. வெயில் கண்ணாடியைத் தாண்டிய பிறகே அது தடுக்கிறது. அந்த நேரம் சூடு வீட்டுக்குள் வந்தாயிற்று. வெயிலைத் திருப்பிவிடும் வெளிர் நிறப் பட்டைகளை முழுக்க இறக்கி மூடினால் சன்னல்வழி ஏறும் வெப்பம் 45 விழுக்காடு அளவு குறையும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. மேற்குச் சன்னலுக்கு வெளியே துணிப்பந்தல் போட்டால் கோடையில் 77 விழுக்காடு வரை குறையும் என்பதும் அதே துறையின் கணக்கு. இந்தியாவில் 2018இல் வெளியான ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற வீட்டுக் கட்டட விதித்தொகுப்பும் வெப்பத்தைக் கணக்கிடும்போது சன்னலுக்கு வெளியே விழும் நிழலுக்குத்தான் மதிப்புப் போடுகிறது. மேற்குச் சுவருக்கு வெளியே ஒரு வேம்போ தட்டியோ இல்லாத வீட்டில் விலை உயர்ந்த உட்டன் பிளைண்ட்ஸ் மாட்டுவது அழகுக்கு ஆகும், வெக்கைக்கு ஆகாது.

தட்டி, படுதா, ரயில் சன்னல்

இந்த உண்மை வட்டாரத்துக்குப் புதிதல்ல. பிளைண்ட்ஸ் வருவதற்கு வெகுகாலம் முன்பே வெயிலை வெளியிலேயே நிறுத்தும் பழக்கம் இருந்தது. திண்ணையிலும் தாழ்வாரத்திலும் பனையோலைத் தட்டி, மூங்கில் தட்டி. மேற்குப் பார்த்த கடைகளில் மூன்று மணிக்கு மேல் இறங்கும் சாக்குப் படுதா. இன்றும் கடைத்தெருவில் படுதா இறங்கும் நேரத்தை வைத்தே எந்தக் கடை எந்தத் திசை பார்த்தது என்று சொல்லிவிடலாம்.

வெட்டிவேர்த் தட்டி வேறு வகை. அது நிழலோடு குளிர்ச்சியும் தரும். தண்ணீர் தெளித்த வேரின் வழியே காற்று புகும்போது நீர் ஆவியாகி, ஆவியாவதற்கான சூட்டைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அதற்குக் காற்று காய்ந்ததாகவும் வேகமாகவும் இருக்க வேண்டும். கோவில்பட்டியில் ஆனி, ஆடியில் இரண்டும் அமையும்: தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கமே மழையை இறக்கிவிட்டுச் செங்கோட்டைக் கணவாய் வழியாக வறண்டு வருகிறது. கயத்தாற்றில் தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் காற்றாலைச் சோதனை நிலையம் அமைந்ததற்கும் காரணம் இந்தக் காற்றுதான். ஐப்பசியில் அதே தட்டியை நனைத்தால் அறை புழுங்கும், வேரில் பூஞ்சை பிடிக்கும்.

சாய்வுப் பட்டை வைத்த சன்னலைத் தமிழ்நாட்டில் பெரும்பாலானோர் முதலில் தொட்டுப் பார்த்தது ரயிலில். குளிர்சாதனம் இல்லாத பெட்டிகளில் கண்ணாடிக் கதவோடு சாய்வுப் பட்டைக் கதவும் இருக்கும். மதுரையிலிருந்து திருநெல்வேலி போகும் வண்டி சாத்தூரைத் தாண்டிக் கரிசலுக்குள் நுழைந்ததும் சன்னலோரத்து ஆட்கள் அந்தப் பட்டைக் கதவைத்தான் தேடுவார்கள்: காற்று வேண்டும், கண்ணில் மண் விழக்கூடாது. வெள்ளைக்காரர் காலத்துப் பங்களாக்களின் மரச் சன்னல்களிலும் இதே அமைப்பு. பட்டையைக் கயிற்றில் கோத்து ஏற்றி இறக்கும் முறைக்கு எட்வர்ட் பெவன் என்பவர் 1769இல் லண்டனில் காப்புரிமை பெற்றார். வெனிசியன் பிளைண்ட்ஸ் என்ற பெயர் இருந்தாலும் அது வெனிஸில் தோன்றியது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஹன்டர் டக்ளஸ் நிறுவனம் 1946இல் மெல்லிய அலுமினியப் பட்டையைக் கொண்டுவந்தது. வங்கிகளிலும் அலுவலகங்களிலும் நாம் பார்த்துப் பழகிய 25 மி.மீ. பட்டை அந்த வழியில் வந்தது.

மரம்

பட்டைக்கு ஏற்ற மரம் லேசாக, நேர்ரேகை உள்ளதாக, பிசின் இல்லாததாக, முறுக்கிக்கொள்ளாததாக இருக்க வேண்டும். உலகச் சந்தையில் இதற்குப் பெயர்பெற்றது பாஸ்வுட். கன மீட்டருக்கு 400 கிலோவை ஒட்டிய எடை. பவுலோனியா அதைவிட லேசு, ஆனால் நகம் பட்டாலே தடம் விழும். தென்கிழக்காசியாவின் ரேமின் மரம் ஒரு காலத்தில் பட்டைக்கு நிறைய வெட்டப்பட்டது. காடு குறைந்துபோய், 2005 முதல் அது, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. ரேமின் என்று சொல்லி விற்றால் கேள்வி கேட்டு வாங்குவது நல்லது. தேக்கு உறுதியானதுதான், ஆனால் பாஸ்வுட்டைப்போல் ஒன்றரை மடங்கு கனம். நிலைக்கும் கதவுக்கும் தேக்கு வாங்கச் செங்கோட்டைப் பக்கம் போகிறவர்கள் அதே மரத்தில் பட்டை அறுக்கச் சொல்லிக் கேட்பதுண்டு. 4 அடி அகலத்துக்கு மேல் போனால் அந்தத் திரையைத் தூக்குவதே ஒரு வேலையாகிவிடும்.

தீப்பெட்டித் தொழில் நடக்கும் ஊரில் இந்த மர இலக்கணத்தை விளக்கவே வேண்டியதில்லை. குச்சிக்கும் இதே குணங்கள்தான் வேண்டும். பெருமரம், மட்டி போன்ற லேசான வெள்ளை மரங்கள் குச்சிக்குப் போகின்றன. மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி பெருமரத்தைத் தீப்பெட்டி மரமாக உழவர்களிடம் பரப்பிவருகிறது. அந்த மரங்களைப் பட்டையாகவும் அறுக்கலாம். ஆனால் அறுத்த சில நாட்களில் நீலம் பாரிக்கும், உளுக்கும். உடனே காயவைத்துப் போரிக் கரைசலில் ஊறவைத்தால்தான் நிற்கும். எரிந்து முடியப்போகும் குச்சிக்கு அந்தக் கவலை இல்லை.

மரம் காற்றின் ஈரத்தை வாங்கும், விடும். காற்றில் ஈரப்பதம் 40 விழுக்காடாக இருக்கும்போது மரத்துக்குள் அதன் உலர் எடையில் 7 விழுக்காடு அளவு நீர் இருக்கும். 80 ஆனால் அது 15ஐ எட்டும். ஆடியில் காய்ந்து கிடந்த பட்டை கார்த்திகையில் அகலவாக்கில் ஒரு மில்லிமீட்டர் அளவு உப்பும். நீளவாக்கில் மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. தீக்குச்சி நமுத்துப்போகும் நாட்களில் பட்டையும் நமுக்கும், அவ்வளவுதான். வண்ணம் இருபுறமும் ஒரே கனத்தில் பூசியிருந்தால் உப்பினாலும் பட்டை நேராகவே இருக்கும். ஒருபுறம் மெல்லியதாகப் பூசியிருந்தால் கிண்ணம்போல் குழியும். வாங்கும்போது பட்டையின் முகத்தைப் பார்ப்பதைவிட, கயிறு நுழையும் துளையின் உள்சுவரையும் இரு முனைகளையும் பார்க்க வேண்டும். அங்கே பச்சை மரம் தெரிந்தால் ஈரமும் பூச்சியும் அந்த வழியாகத்தான் ஏறும்.

மூங்கில் பிளைண்ட்ஸ் மலிவு, பார்வைக்கும் நம் வீடுகளோடு ஒட்டும். ஆனால் மூங்கிலில் மாவுச்சத்து அதிகம். துளைப்பூச்சி பிடித்தால் சன்னல் திட்டில் தினமும் மஞ்சள் தூள் கொட்டியிருக்கும். மூன்று ஆண்டுக்குக் குறையாத முற்றிய மூங்கிலில், வெளித்தோல் பக்கத்துச் சீவலில் செய்தது நீடிக்கும்.

மரச்சாயல் பி.வி.சி.

இதில் பல தரம். முழு பி.வி.சி., நுரை ஏற்றிய பி.வி.சி., மரத்தூள் கலந்த பி.வி.சி., பாலிஸ்டைரீன். ஈரம் ஏறாது, கரையான் தொடாது, உளுக்காது, தண்ணீரில் கழுவலாம். விலையும் மரத்தைவிடக் குறைவு. இவ்வளவு நல்ல குணங்கள் இருந்தும் கரிசல் வெயிலில் இதற்கு இரண்டு கேடு.

முதலாவது வெப்பம். பி.வி.சி. 75, 80 பாகை செல்சியஸில் இளகும். தன் பாரத்தில் தொய்வதற்கு அவ்வளவு சூடுகூட வேண்டியதில்லை. சித்திரையில் வெளியே 38 பாகை என்றால், மூடிய மேற்குக் கண்ணாடிக்கும் இறக்கிவிட்ட பட்டைக்கும் நடுவே அகப்பட்ட காற்று அதைவிட மிகச் சூடாகும். அடர் பழுப்பு நிறப் பட்டை இன்னும் சூடேறும். ஏணிக்கயிறுகள் தள்ளித் தள்ளி இருக்கும் திரையில் இரண்டு கயிற்றுக்கு நடுவே பட்டை சிரித்த வாய்போல் வளைந்துவிடும். வளைந்தது திரும்ப நிமிராது. மேற்கில் பி.வி.சி. போட்டே ஆக வேண்டுமென்றால் வெள்ளையோ இளமஞ்சளோ எடுத்து, ஏணிக்கயிறுகள் ஒன்றரை அடிக்கு மேல் தள்ளிப்போகாமல் பார்த்து, கண்ணாடிக் கதவை விரல் அகலமாவது திறந்து வைக்க வேண்டும்.

இரண்டாவது வெயிலில் நிறம் போவது. வெள்ளை மஞ்சளாகும், பழுப்பு சாம்பலாகும், மேற்பரப்பு பொடியாக உதிரும். உதிர்வதில் இன்னொரு கவலையும் உண்டு. 1996இல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், இறக்குமதியான சில வினைல் பிளைண்ட்ஸில் ஈயம் இருப்பதையும் வெயிலில் அது தூசியாக வெளிவருவதையும் கண்டறிந்து சிறு குழந்தைகள் உள்ள வீடுகளை எச்சரித்தது. அதன்பின் பல தயாரிப்பாளர்கள் ஈயம் கலக்காத கலவைக்கு மாறினார்கள். பெயர் தெரியாத மலிவுச் சரக்கை வாங்கும்போது ‘ஈயம் கலக்காதது’ என்று எழுத்தில் கேட்பதில் தவறில்லை.

எடையும் பார்க்க வேண்டும். 4 அடிக்கு 4 அடி சன்னலுக்கு 50 மி.மீ. பட்டை 28 தேவைப்படும். பாஸ்வுட்டில் 3 மி.மீ. கனத்தில் பட்டைகள் மட்டும் 2 கிலோ வரும். நுரை பி.வி.சி.யில் ஒன்றரை மடங்குக்கு மேல். முழு பி.வி.சி.யில் இன்னும் கூடும். அதனால் அகலச் சன்னலுக்கு ஒரே திரையாகப் போடாமல் இரண்டாகப் பிரித்துப் போடுவார்கள்.

எந்தச் சன்னலுக்கு எது

கிழக்குச் சன்னலுக்கு மரம் நன்றாக ஒத்துப்போகும். காலை வெயில் சாய்வாக இருக்கும், ஆனால் சுவர் அதற்குள் சூடேறியிருக்காது. தெற்குக்கு எதுவும் சரி. வடக்குக்கு மூங்கிலே போதும். மேற்குக்கு முதலில் வெளியே நிழல்; அது வாய்த்த பிறகு உள்ளே மரம், அதுவும் வெளிர் நிறம். அடுக்களையில் மரம் வேண்டாம். தாளிப்புப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் கரிசல் தூசியோடு சேர்ந்தால் பட்டையில் தார் பூசியதுபோல் ஆகிவிடும். அங்கே பி.வி.சி.யோ 25 மி.மீ. அலுமினியமோ போட்டால் கழற்றிக் கழுவலாம். குளியலறை வென்டிலேட்டரில் கண்ணாடி லூவர் இருக்கும். அதற்குமேல் திரை எதற்கு?

சன்னலை எப்போதும் திறந்தே வைத்துக் காற்று வாங்குகிற வீட்டுக்கு, உண்மையைச் சொன்னால், எந்தப் பிளைண்ட்ஸும் பொருந்தாது. ஆடிக்காற்றில் பட்டைகள் கம்பியில் அடித்து இரவெல்லாம் சடசடக்கும், துளையோரத்தில் விண்டுபோகும். அடிக்கட்டையைச் சுவரோடு பிடிக்கும் கொக்கி இருந்தால் ஓரளவு அடங்கும். இப்படிப்பட்ட வீட்டுக்குப் பருத்தித் திரையும் வெளியே தட்டியுமே நல்லது.

அளவும் மாட்டுதலும்

நம் சன்னல்களில் உள்ளே இரும்புக் கம்பி, கதவு வெளிப்பக்கம் திறப்பது. இது ஒரு வகையில் வசதி: திரை கதவை இடிக்காது. இன்னொரு வகையில் இடைஞ்சல்: கதவைச் சாத்தக் கம்பிக்குள் கைவிட வேண்டும், அதற்கு ஒவ்வொரு முறையும் திரையைத் தூக்க வேண்டும். தினமும் திறந்து மூடும் சன்னல் என்றால் இதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ள வேண்டும். கொசுவலைச் சட்டம் உட்புறம் அடித்திருந்தால் அதற்கும் இடம் விட வேண்டும்.

சன்னல் குழிக்குள் மாட்டுவதா, சுவருக்கு மேல் மாட்டுவதா என்பது குழியின் ஆழத்தைப் பொறுத்தது. 50 மி.மீ. பட்டைக்குக் கம்பியிலிருந்து குறைந்தது 3 அங்குலம் தேவை. 9 அங்குலச் சுவரில் நிலையை நடுவில் வைத்திருந்தால் அவ்வளவு கிடைப்பது கஷ்டம். அப்போது சுவர்மேல் மாட்டி, இருபுறமும் 3 அங்குலம் கூடுதலாக விட வேண்டும். சாய்வெயில் ஓரத்தில் நுழையாமல் இருக்கவும் அது உதவும். குழிக்குள் மாட்டுவதென்றால் அகலத்தை மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் அளந்து, ஆகக் குறைந்த அளவைக் கொடுக்க வேண்டும். பூச்சு வேலையில் கால் அங்குல வித்தியாசம் இல்லாத சன்னல் அபூர்வம். சன்னலுக்கு மேலே லிண்டல் கான்கிரீட் இருப்பதால் சாதாரண டிரில் இறங்காது, சுத்தியல் டிரில் வேண்டும். விலை சதுர அடிக் கணக்கு. சிறிய சன்னலுக்கும் ஒரு குறைந்தபட்சப் பரப்புக்குப் பணம் வாங்குவது வழக்கம். அதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

கயிறு

தூக்குக் கயிற்றின் வளையம் குழந்தைகளின் கழுத்தில் சுருக்கிட்டு உயிரை வாங்கியிருக்கிறது. அமெரிக்காவில் 2018இல் திருத்திய தரவிதி, கடையில் ஆயத்தமாக விற்கும் பிளைண்ட்ஸில் எட்டும்படியான கயிறு கூடாது என்றது. அளவு கொடுத்துச் செய்பவற்றுக்கும் 2024 ஜூன் முதல் கயிறு பற்றிய கட்டுப்பாடு கடுமையானது. நம் ஊரில் கயிறு உள்ள சரக்கு தாராளமாக விற்கிறது. குழந்தை உள்ள வீட்டில் கயிறில்லா வகையைக் கேட்டு வாங்க வேண்டும். ஏற்கெனவே மாட்டியாயிற்று என்றால், கயிற்றின் முனையைச் சேர்த்து முடியாமல் தனித்தனியாக விட்டு, 5 அடி உயரத்தில் கொக்கி அடித்துச் சுற்றி வைக்க வேண்டும். சேலைத் தொட்டிலையும் கட்டிலையும் அந்தச் சன்னலோரம் போடக்கூடாது.

பராமரிப்பு

கரிசல் தூசி மற்ற ஊர்த் தூசியைப் போன்றதல்ல. கரிசல் மண்ணில் களியின் பங்கு மிக அதிகம். அந்தக் களி நீர் பட்டால் உப்பும், ஒட்டும். கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடிப்பதும் மழையில் செருப்போடு கிலோக்கணக்கில் ஒட்டிக்கொண்டு வருவதும் அதனால்தான். பட்டையில் படிந்த அந்தத் தூசியின்மேல் ஈரத்துணியை வைத்தால், துடைத்ததாகத் தோன்றும். காய்ந்த பிறகு பார்த்தால் சாம்பல் நிறத்தில் விரல் கோடுகளாக அப்பியிருக்கும். மரமென்றால் ரேகைக்குள்ளேயே இறங்கிவிடும். எனவே முதல் விதி: முதலில் காய்ந்த துடைப்பு, பிறகே ஈரம்.

செய்யும் முறை எளிது. சன்னலைச் சாத்தி மின்விசிறியை நிறுத்த வேண்டும். பட்டைகளை ஒருபக்கம் முழுவதும் சாய்த்து, 2 அங்குலப் பெயிண்ட் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக, ஏணிக்கயிற்றிலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ள வேண்டும். கயிற்றின் ஓரத்தில் தங்கும் தூசிதான் பிறகு கயிற்றை அறுக்கும். அதைப் பிரஷ்ஷின் நுனியால் எடுக்க வேண்டும். மறுபக்கம் சாய்த்து இன்னொரு முறை. அதன்பின் பழைய காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பட்டையாக இரு விரல்களுக்கு நடுவே விட்டு இழுத்தால் மீதித் தூசி வந்துவிடும். பனியன் துணியும் நன்று. ஆனி, ஆடி, ஆவணியில் வாரம் ஒருமுறை, மற்ற மாதங்களில் மாதம் ஒருமுறை போதும். சேரவிட்டால் ஒரு நாள் போய்விடும்.

பி.வி.சி.க்கு இதன்பிறகு ஒரு குவளைத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி விட்டு, துணியை நன்றாகப் பிழிந்து துடைக்கலாம். ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீர் வேண்டாம். காய்ந்ததும் வெள்ளைப் பொட்டு வைத்துவிடும், அதைத் தேய்த்து எடுக்கும்போது ரேகை அச்சும் போகும். சீவலப்பேரியிலிருந்து வரும் தாமிரபரணித் தண்ணீரில் ஒரு குவளை ஒதுக்கிக்கொள்வது நல்லது. மரத்துக்குத் தண்ணீர் காட்டாமல் இருப்பதே மேல். கறை இருந்தால் அந்த இடத்தை மட்டும் ஒற்றி எடுத்து உடனே உலர்த்த வேண்டும்.

மரம் என்றாலே எண்ணெய் தடவும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. நிலைக்கதவுக்குத் தேங்காயெண்ணெய் பூசுவதுபோல் பட்டைக்கும் பூசுவார்கள். பளபளப்பு ஒரு வாரம் நிற்கும். அதன்பிறகு ஊர்த் தூசியெல்லாம் அதில்தான் உட்காரும். பட்டைக்கு ஏற்கெனவே வார்னிஷ் பூசப்பட்டிருப்பதால் எண்ணெய் உள்ளே போகவும் போகாது. மழைக்காலம் முடிந்து மரம் உலர்ந்த பின், தை, மாசியில், மெழுகுப் பாலிஷ் துளி எடுத்துத் துணியில் தடவி ஒருமுறை ஓட்டினால் ஆண்டுக்குப் போதும்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது திரையைக் கழற்றித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். சுண்ணாம்புத் துளி வார்னிஷை அரித்துவிடும், சுரண்டினால் வட்டமாகப் பெயரும். கழற்றியது கழற்றியதாக, கயிறும் கோலும் பொருந்தியிருக்கும் மேல்பெட்டிக்குள்ளும் பார்க்கலாம். பல்லி முட்டையிட்டிருக்கும், குளவி கரிசல் மண்ணாலேயே கூடு கட்டியிருக்கும். கோல் திருகவில்லை என்று பழுது பார்க்க ஆளைக் கூப்பிடுகிற பல நேரம் குற்றவாளி குளவிதான். கூட்டைத் தட்டி எடுத்து, பல்சக்கரத்தில் சிலிக்கான் ஸ்பிரே கொஞ்சம் அடித்தால் வேலை முடிந்தது. கிரீஸ் வைக்கக்கூடாது, அதிலும் மண் ஒட்டும்.

ஐப்பசி அடைமழையில் சாரல் பட்டு நனைந்தால் திரையைத் தூக்கி அடுக்கிவிடக்கூடாது. அடுக்குக்குள் காற்றுப் போகாமல் இரண்டு நாளில் கரும்புள்ளியாகப் பூஞ்சை வரும். இறக்கிவிட்டு, பட்டைகளைப் படுக்கைவசமாகத் திறந்து, மின்விசிறிக் காற்றில் உலரவிட வேண்டும்.

பழுது

ஒரு பட்டை உடைந்தால் திரையையே மாற்ற வேண்டியதில்லை. அளவைவிட நீளமாக வந்த திரைகளில் அடிக்கட்டைமேல் கூடுதல் பட்டைகள் சும்மா கிடக்கும். அவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அடிக்கட்டையின் அடியில் இருக்கும் குமிழைக் கழற்றினால் தூக்குக் கயிற்றின் முடிச்சு தெரியும். முடிச்சை அவிழ்த்துக் கயிற்றை உடைந்த பட்டைக்கு மேல்வரை உருவி, அந்தப் பட்டையை ஏணியிலிருந்து பக்கவாட்டில் இழுத்துவிட்டு, புதியதைச் செருகிக் கயிற்றைத் திரும்பக் கோக்க வேண்டும். கயிறு ஏணிப்படியின் ஒருபுறமும் அடுத்த படியின் மறுபுறமும் மாறி மாறிப் போகும். எல்லாம் ஒரே பக்கமாகக் கோத்தால் பட்டை பக்கவாட்டில் நழுவும். கயிறு நைந்திருந்தால் இதே சாக்கில் மாற்றிவிடலாம். புதுக் கயிற்றின் முனையைப் பழையதன் முனையோடு சூடுகாட்டி ஒட்டி இழுத்தால் மேல்பெட்டிக்குள் தானாகவே போய்ச் சேரும்.

லேசாக வளைந்த மரப் பட்டையை உருவிக் கவிழ்த்துப் போட்டால் சில வாரங்களில் தன் பாரத்தில் நேராகலாம். வளைந்த பி.வி.சி.க்கு வைத்தியமில்லை. அடிப்பக்கத்துக் கூடுதல் பட்டைகள் தீரும்வரை மாற்றலாம், பிறகு திரையையே மாற்ற வேண்டும். கழித்துப்போட்ட பி.வி.சி. பட்டையை மரம் என்று நினைத்து வெந்நீர் அடுப்பில் வைத்துவிடக்கூடாது. எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வெளிவந்து கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும். மேல்பெட்டி இரும்போ அலுமினியமோ பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போகும். பட்டைகளை நகராட்சி வண்டியில் மக்காத குப்பையாகத் தர வேண்டும்.